எலும்பா? வெறிநோயா?

நேற்று மாலைவரை வாலாட்டிக்கொண்டிருந்த தெருநாய் ஒன்று, இன்று காலையில் வாய் பிளந்து, நாக்குத் தொங்கி, எச்சில் ஒழுக நிற்கிறது. தெரு கூடிவிடுகிறது. தீர்ப்புகள் பிறக்கின்றன. "கண்பட்டுவிட்டது" என்கிறார் ஒருவர். "காற்றுக் கருப்பு அடித்துவிட்டது" என்கிறார் மற்றொருவர். "எவனோ சோற்றில் மருந்து வைத்துவிட்டான்" என்கிறார் மூன்றாமவர். "ஒன்றுமில்லை, தொண்டையிலே எலும்பு சிக்கிக்கொண்டது, கையை விட்டு எடுத்தால் சரியாகிவிடும்" என்கிறார், இதுபோல் எத்தனையோ பார்த்தவர் என்று பெயரெடுத்த நான்காமவர். முதல் இரண்டும் வெறும் பேச்சு. மூன்றாவது ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். நான்காவதோ, தீர்ப்பளித்தவரின் உயிரையே கேட்கக்கூடியது!

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. வெறிநோய் என்றவுடன் நம் மனக்கண்முன் வருவது எது? கண் சிவந்து, பல் இளித்து, கண்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் நாய். அப்படியும் வரும் அந்நோய். ஆனால் ஓசையின்றி வரும் வடிவமும் அதற்கு உண்டு. அந்த வடிவத்தில் நாய் துரத்தாது, மூலையில் ஒடுங்கும். தாடைத் தசையும் தொண்டைத் தசையும் செயலிழக்கும். விழுங்க இயலாததால் எச்சில் வழியும். மூட இயலாததால் வாய் பிளந்தே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு எலும்பு சிக்கிய நாய் போலவே தோன்றும். இரக்கமுள்ளவன் கையை விடுவான். நகத்தோரத்துக் கீறல் ஒன்று போதும், அந்த எச்சிலில் இருக்கும் கிருமி உள்ளே நுழைய. கல்லெறிந்துவிட்டு ஓடுகிற கொடியவன் தப்பிவிடுவான். கை கொடுக்க வந்த அன்புள்ளவன் அகப்பட்டுக்கொள்வான். அன்புக்கு அறிவு துணைநில்லாவிட்டால் விளைவது இதுதான்.

நாயிடம் நம் சமுதாயம் நடந்துகொள்ளும் முறையே விந்தையானது. வைரவர் சன்னதியில் நாய் வாகனம்; கல் நாய்க்கு மாலை, மரியாதை. கோயிலைவிட்டு வெளியே வந்தால், உயிருள்ள நாய்க்குக் கல்லடி. தருமனோடு சொர்க்க வாசல்வரை நடந்த நாயின் கதையைக் கேட்டுக் கண்ணீர் உகுப்பார்கள். வீடு திரும்பும் வழியில் குறுக்கிட்ட நாயை எட்டி உதைப்பார்கள். சங்கத் தமிழில் ஞமலி என்று பெயர்பெற்று, வேட்டைக்கும் காவலுக்கும் தமிழனோடு நடந்த உயிர் அது. இன்றும் நம் வாசலில்தான் படுத்திருக்கிறது. அதற்கு நோய் வந்தால் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. பார்க்க வேண்டியவர்கள் நாம். பார்க்கிறோமா?

நாம் ஆசிரியப் பணியாற்றும் அம்மையார்குப்பம், ஆர்.கே. பேட்டைப் பக்கத்து நெசவாளர் ஊர். கண்விழிப்பதும் தறியோசையில், கண்ணயர்வதும் தறியோசையில். ஆந்திர எல்லை அருகிலேயே இருப்பதால் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறியது. மந்திரிப்பவரின் ஆட்சிக்கு மட்டும் எல்லைக்கோடு ஏது? தெலுங்கு அறியாதார்க்குத் தமிழிலும், தமிழ் அறியாதார்க்குத் தெலுங்கிலும், இரண்டும் அறிந்தவர்க்கு எவர்க்குமே புரியாத மொழியிலும் அவர் மந்திரம் ஓதுவார்!

இந்த ஊரின் தறித்தெரு ஒன்றில் மணி என்றொரு நாய் இருந்தது. அதற்கு உரிமையாளர் என்று ஒருவரும் இல்லை. ஆதலால் தெரு முழுவதும் உரிமையாளர்கள். பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு இட்டிலியை அதற்குப் போட்டுவிட்டு வருவார்கள். கோடை விடுமுறைக்குச் சில நாட்களே இருந்த வேளையில், பிள்ளைகள்தாம் முதலில் செய்தி கொண்டுவந்தனர். "சார், மணி கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறது. பாவு கட்டைக்குக் கீழே இருட்டிலேயே படுத்துக்கிடக்கிறது."

மறுநாள் இன்னொரு செய்தி: சோற்றை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது, ஆனால் கீழே கிடந்த கழிவு நூலைக் கடித்து விழுங்குகிறது. அதற்கடுத்த நாள்: குரைக்கும் குரல் மாறிவிட்டது; கரகரத்து, ஊளைபோல் இழுத்து முடிகிறது. மூன்று செய்திகளும் தனித்தனியே பார்த்தால் சின்னவை. சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு நோயின் வரலாறு. பழகிய நாய் ஒளிந்துகொள்வது, ஒளியைக் கண்டு ஒதுங்குவது, உண்ணத் தகாததை உண்பது, குரல் மாறுவது, நடை தள்ளாடுவது, பிறகு தாடை தொங்குவது. நூல்களில் எழுதியிருக்கும் வரிசை அது. வரிசையைக் கண்டுபிடித்தவர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் செய்ததெல்லாம், கண்ணால் கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது ஒன்றே.

நாம் சென்றபோது மணியின் தாடை தொங்கிவிட்டிருந்தது. எச்சில் மண்ணில் வடிந்துகொண்டிருந்தது. அருகே, அறுபதைக் கடந்த நெசவாளர் ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நாள்தோறும் மணிக்குச் சோறு வைக்கும் கை அது. இழையும் பண்ணையும் உரசி உரசி, விரலெல்லாம் வெடிப்பும் கீறலுமாய் இருந்தது.

"ஐயா, கையை வைக்காதீர்கள்" என்றோம்.

"வாயில்லாச் சீவன் துடிக்கிறது. பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்கிறீர்களா வாத்தியாரே?" என்றார். சினம் அல்ல, துயரம்.

"பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். மருத்துவரை அழைப்போம். எலும்பாக இருந்தால் அவர் எடுப்பார். எலும்பாக இல்லாவிட்டால், உங்கள் கையை யார் மீட்டுத் தருவார்கள்?"

பெரியவர் நின்றார். ஆனால் அதற்குள் இளைஞர் சிலர் தடியோடு வந்துவிட்டனர். இரக்கத்தின் கை ஒருபுறம் தடுக்கப்பட்டால், அச்சத்தின் கை மறுபுறம் ஓங்கிவிடுகிறது! அடித்துக் கொன்றால் என்ன கிடைக்கும் என்று அவர்களைக் கேட்டோம். எச்சிலும் குருதியும் நாலாபுறமும் தெறிக்கும். மண்டை நொறுங்கினால், நோய் இன்னதென்று அறிய வேண்டிய மூளையே ஆய்வுக்குக் கிட்டாமற் போகும். மணி யாரையெல்லாம் தீண்டியது என்று கணக்கெடுக்க வேண்டிய நேரத்தில், கொன்றுவிட்டோம் என்ற மனநிறைவோடு எல்லோரும் கலைந்துபோவார்கள். தடியை வைத்தே பயனுள்ள வேலை ஒன்று செய்யலாம் என்றோம். நீண்ட கழியால் கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். குழந்தைகள் நெருங்காதபடி இருவர் காவல் நின்றார்கள். அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி போயிற்று.

மருத்துவர் வந்தார், கையுறையோடு, விலகி நின்று பார்த்தார். "எத்தனை நாளாக?" என்று கேட்டார். பிள்ளைகள் சொன்ன மூன்று செய்திகளையும் சொன்னோம். யாரோ ஒருவர் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து, "நாய் தண்ணீருக்குப் பயப்படவில்லையே, பிறகு எப்படி வெறி?" என்று கேட்டார். நீரைக் கண்டு அஞ்சுவது நோய்கொண்ட மனிதனின் குறி. நாய்க்கு அது இல்லை என்றார் மருத்துவர். நோய்கண்ட நாய் தண்ணீரில் வாய் வைக்கும், நீந்தவும் செய்யும். இந்த ஒரு தவறான எண்ணத்தாலேயே எத்தனை பேர், "தண்ணீர் குடித்தது, ஆகவே நல்ல நாய்தான்" என்று முடிவுகட்டிக் கடிக்கு மருந்து செய்யாமல் இருந்திருப்பார்களோ!

மறுநாள் இரவு மணி இறந்தது. ஆய்வுக்கு வேண்டியதை மருத்துவர் எடுத்துக்கொண்டபின், உடலை ஆழக் குழிதோண்டிப் புதைத்தனர். வெறிநோய்தான் என்று முடிவு வந்தது. ஆனால் அந்த முடிவு வரும்வரை எவரும் காத்திருக்கவில்லை, காத்திருக்கவும் கூடாது. ஏனெனில் அந்தத் தெருவில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். கீழே விழுந்து தோல் உரிந்த முழங்கையை, நான்கு நாட்களுக்கு முன் மணி அன்போடு நக்கியிருந்தது.

கடித்தால்தானே நோய், நக்கினால் என்ன என்று கேட்பார் பலர். பழுதில்லாத தோலை நக்கினால் தீங்கில்லை. ஆறாத புண்ணில் எச்சில் பட்டால், அது கடிக்கு நிகர். கண், வாய் இவற்றின் ஈரத்தில் பட்டாலும் அவ்வாறே. நோயின் குறி வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே நாயின் எச்சிலில் கிருமி வந்துவிடும். ஆகவேதான் நான்கு நாள் முந்திய நக்கலும் கணக்கில் வருகிறது.

பையனின் புண்ணைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் செய்தோம். எத்தனை நாள் கடந்திருந்தாலும் கழுவுவது நன்று. உடனே கழுவியிருந்தால் மிக நன்று. இக்கிருமியைச் சுற்றியுள்ள கொழுப்புறையைச் சோப்பு சிதைத்துவிடும். நான்கணா சோப்புக்கட்டி செய்யும் வேலையை, சுண்ணாம்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் காப்பித்தூளும் செய்யமாட்டா. அவை புண்ணை எரிப்பதோடு சரி.

அடுத்தது அரசு மருத்துவமனை. அங்கேதான் பையனின் பாட்டி குறுக்கே நின்றார்.

"தம்பி, ஊசியெல்லாம் வேண்டாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார். என் அண்ணனை வெறிநாய் கடித்தபோது அவருடைய அப்பாதான் கயிறு கட்டினார். அண்ணன் எழுபது வயது வரைக்கும் இருந்தான்."

பாட்டி பொய் சொல்லவில்லை. அண்ணனை நாய் கடித்தது உண்மை. கயிறு கட்டியது உண்மை. எழுபது வயதுவரை வாழ்ந்ததும் உண்மை. மூன்று உண்மைகளைக் கோத்து ஒரு பொய்யை உருவாக்கியிருக்கிறது மந்திரத் தொழில்! அந்தத் தொழிலின் கணக்கைச் சற்றே பிரித்துப் பார்ப்போம், தோழர்களே.

நூறு பேரை நாய் கடிக்கிறது. நூறு நாயும் வெறிநாய் அல்ல. பெரும்பாலானவை மிதிபட்டோ, மிரண்டோ, குட்டியைக் காக்கவோ கடித்த நல்ல நாய்கள். அந்த நூறு பேரும் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். நல்ல நாய் கடித்தவர் அனைவரும் பிழைக்கிறார்கள். கயிறு இல்லாவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். எஞ்சியவர்களில், வெறிநாய் கடித்த எல்லோருக்குமே நோய் வந்துவிடுவதில்லை. காயத்தின் ஆழம், கடித்த இடம், உள்ளே சென்ற கிருமியின் அளவு இவற்றைப் பொறுத்தது அது. அவர்களில் சிலரும் பிழைக்கிறார்கள். பிழைத்தவர் ஒவ்வொருவரும் மந்திரத்தின் புகழை ஊர் ஊராய்ப் பரப்புகிறார்கள். மாண்டவரோ பேசமாட்டார்!

மாண்டவரின் வீட்டாராவது பேசலாமே என்றால், அங்கேயும் நோயின் இயல்பு மந்திரக்காரருக்கே துணைசெய்கிறது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மெல்ல மெல்ல மூளைக்கு ஊர்ந்து செல்லும் கிருமி அது. பெரும்பாலும் இரண்டு, மூன்று திங்கள் ஆகும், ஓராண்டுவரைகூட ஆகலாம். கயிறு கட்டிய புண் ஆறிவிடும், கடி மறந்துபோகும். பிறகு ஒருநாள் காய்ச்சல் வரும், நீரைக் கண்டு தொண்டை இறுகும். "பத்தியம் தவறிவிட்டான்" என்று ஒரு சொல்லில் மந்திரக்காரர் விடுபடுவார். பிழைத்தால் மந்திரம், மாண்டால் பத்தியம். தோற்கவே முடியாத இந்தச் சூதாட்டத்தில் பணயம் வைக்கப்படுவது பிள்ளையின் உயிர். நோயின் குறி தோன்றியபின் அவ்வுயிரை மீட்க வழியில்லை. உலகெங்கும் பிழைத்தோர் விரல்விட்டு எண்ணத் தக்கவரே.

இதையெல்லாம் பாட்டியிடம் எளிய சொற்களில் சொன்னோம். பாட்டி சிந்தித்தார். பிறகு, நம்மை மடக்கும் கேள்வி ஒன்றை எழுப்பினார்: "சரி தம்பி, ஊசியும் போடுவோம், கயிறும் கட்டுவோம். என்ன குறைந்துவிடும்?"

"கையில் கயிறு இருப்பதால் உங்கள் பேரனுக்கு ஒன்றும் குறையாது பாட்டி. ஆனால் ஊசியால் பிழைத்த பிள்ளையின் கையில் கயிறு இருப்பதை ஊர் பார்க்கும். பெயர் கயிற்றுக்குப் போகும். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடித்தால், ஊசியை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் கட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?"

பாட்டி மறுமொழி கூறவில்லை. எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பேரனோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். கயிறு கட்டப்படவில்லை.

வழியில் அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசியாமே?" இந்த அச்சம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல, அதற்கொரு வரலாறு உண்டு. 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பார் உருவாக்கிய மருந்து, ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்டது. வயிற்றில், நாள்தோறும், பல நாட்கள் போடவேண்டியிருந்தது. வலி கடுமை; சிலருக்கு நரம்புக் கோளாறும் உண்டாயிற்று. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு அம்மருந்து கைவிடப்பட்டது. இன்று போடப்படுவது உயிரணு வளர்ப்பில் உருவாகும் தூய மருந்து. போடும் இடம் மேற்கை. தோலுக்குள் போடும் முறையில், முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களும் என நான்கு முறை. புண் ஆழமானதாகவோ, தோலுரிந்த இடத்தில் எச்சில் பட்டதாகவோ இருந்தால், புண்ணைச் சுற்றி எதிர்ப்புப்பொருள் ஊசியும் போடவேண்டும். அரசு மருத்துவமனையில் காசு கேட்பதில்லை. தொப்புளைச் சுற்றிய ஊசி ஒழிந்து இருபதாண்டு கடந்தும், அதைப் பற்றிய அச்சம் ஒழியவில்லை. அந்த அச்சமே மந்திரக்காரரின் வாசலுக்கு வழிகாட்டும் பலகையாய் நிற்கிறது.

மூடநம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டுமே உரிய சொத்து அல்ல. ஐரோப்பாவிலே, புனித ஹூபர்ட்டின் சாவி என்று பெயரிட்ட இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கடிவாயில் சுட்டார்கள். நூற்றாண்டுக் கணக்காகச் சுட்டார்கள். பிரான்சின் ஆர்புவா என்னும் சிற்றூரில், 1831-ல் வெறிகொண்ட ஓநாய் கடித்தவர்களைக் கொல்லன் உலையில் சூடு போட்டபோது, அவ்வூரில் எட்டு வயதுச் சிறுவனாய் இருந்தவர் லூயி பாஸ்டர். அவரே 1885 சூலை 6-ஆம் நாள், வெறிநாய் பல இடங்களில் கடித்திருந்த யோசேப்பு மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் மருந்தைச் செலுத்தச் செய்தார். 13 ஊசிகள். சிறுவன் பிழைத்தான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இந்நோயின் கிருமியைப் பாஸ்டர் கண்ணால் கண்டதில்லை. அன்றைய நுண்நோக்காடியில் அது தெரியாது. மந்திரக்காரரும் கண்ணுக்குத் தெரியாததைப் பற்றித்தானே பேசுகிறார், இருவருக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு இதுதான்: பாஸ்டர் முயல்களிலும் நாய்களிலும் சோதித்தார், மருந்து பெற்றவை, பெறாதவை என இரு கூறாக்கி ஒப்பிட்டார், பிறர் சோதித்துப் பார்க்கும்படி முறையை வெளியிட்டார், தோல்வியையும் எண்ணிக்கையில் சேர்த்தார். மந்திரக்காரர் தோல்வியை எண்ணுவதே இல்லை. பகுத்தறிவு என்பது எதையும் நம்பாதிருத்தல் அன்று. எண்ண வேண்டியதை எண்ணிப் பார்த்தபின் நம்புதல்.

நம் நாட்டில் 1900-ல் கசௌலியில் முதல் பாஸ்டர் நிலையம் தோன்றியது. அதற்குமுன் கடிபட்ட வெள்ளைச் சிப்பாய்கள் கப்பலேறிப் பாரிசு நகருக்குப் போனார்கள்; கடிபட்ட உழவன் கயிறு கட்டிக்கொண்டான். தென்னகத்தில், 1902-ல் ஆங்கிலப் பெண்ணொருத்தி வெறிநோயால் மாண்டபின், அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் வழங்கிய நன்கொடையும் சேர, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஆளும் இனத்தின் ஒரு மகள் மாண்டாள், கண் திறந்தது. அதற்குமுன் எண்ணப்படாமலே மாண்ட எளிய மக்களுக்குப் பெயரும் இல்லை, பதிவும் இல்லை.

இன்றும் எண்ணிக்கையில் ஏழைகளே மிகுதி. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கடிபடுவோரில் பத்துக்கு நால்வர் 15 வயதுக்கு உட்பட்ட சிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2022, 2023 ஆண்டுகளில் வீடு வீடாய் எடுத்த ஆய்வு, நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 பேர் இறப்பதாகவும், நாய்க்கடி பட்டோரில் ஐந்தில் ஒருவர் தடுப்பூசியே போட்டுக்கொள்வதில்லை என்றும் கூறுகிறது. ஒவ்வோர் இறப்பும் தடுத்திருக்கக்கூடியது என்பதே இந்த எண்ணிக்கையின் கொடுமை.

படித்தவர்க்கு இது நேராது என்று எண்ணவேண்டாம். 2025-ல் உத்தரப் பிரதேசத்தின் புலந்தசகர் மாவட்டத்தில், இருபத்திரண்டு வயதுக் கபடி வீரர் ஒருவர், வடிகாலில் விழுந்த நாய்க்குட்டியைத் தூக்கிக் காப்பாற்றினார். குட்டி விரலைக் கடித்தது. சிறு காயம்தானே என்று விட்டுவிட்டார். இரண்டு திங்கள் கழித்து வெறிநோயால் மாண்டார். மாநில அளவில் ஆடிய உடல். குட்டியின் துயர் பொறுக்காத உள்ளம். உடலுரமும் நல்லுள்ளமும் போதவில்லை. ஓர் ஊசி வேண்டியிருந்தது.

இதைப் படித்துவிட்டு, எச்சில் ஒழுகும் நாயையெல்லாம் வெறிநாய் என்று அஞ்சி ஓடவேண்டாம். நஞ்சு தின்ற நாய்க்கும் எச்சில் வழியும். டிஸ்டம்பர் என்னும் நோய் கண்ட நாய்க்கும் வலிப்பு வரும். வெயில் தாக்கிய நாயும் மூச்சிரைத்து விழும். எலும்பே சிக்கிய நாயும் உண்டு. பார்வோ என்னும் நோய் குட்டிகளைக் குருதிக் கழிச்சலால் ஓரிரு நாளில் சாய்த்துவிடும். இவற்றுள் பலவற்றுக்கு, காலத்தில் மருத்துவம் செய்தால் உயிர் மீளும். திடீரென எழ மாட்டாமை, வலிப்பு, மூச்சுத் திணறல், ஈறு வெளுத்தல், வயிறு உப்பிக் கல்லாதல், சிறுநீர் பிரியாமை, குருதி வாந்தி: இவற்றில் எதைக் கண்டாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது. இன்றே மருத்துவர் பார்க்கவேண்டும். எண்ணெய் ஊற்றுவது, வேப்பிலை அடிப்பது, மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது எல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள். இன்ன நோய் என்று முடிவுகட்டுவது நம் வேலையன்று. எப்போது தொடங்கியது, என்ன தின்றது, எப்படி மாறியது என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. வாயருகே கையைக் கொண்டுபோகாமலிருப்பதும் நம் வேலை. நாய் கடித்துவிட்டால், ஊசியைத் தொடங்கிவிட்டு, அந்த நாயைப் பத்து நாள் கவனிக்கவேண்டும். பத்து நாளும் நலமாய் இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் நோய் இருந்ததில்லை என்று தெளியலாம்.

இதற்கெல்லாம் முன்னே செய்யவேண்டியது ஒன்று உண்டு. நாய்க்கே தடுப்பூசி போட்டுவிட்டால், நாயும் மாளாது, நாமும் மாளமாட்டோம். ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஆண்டுதோறும் ஊசி போட்டால், நோய் ஒரு நாயிலிருந்து மறு நாய்க்குத் தாவும் சங்கிலி அறுந்துவிடும். கோவாவில் அதைச் செய்து காட்டினார்கள். 2013 முதல் தெருத்தெருவாய் வலையும் ஊசியுமாய் அலைந்தார்கள். அதற்கு முந்திய மூன்றாண்டுகளில் மனிதர் ஒருவரும் வெறிநோயால் இறக்கவில்லை என்ற நிலையில், 2021-ல் வெறிநோய் கட்டுப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கொன்று தீர்ப்பது வழியல்ல என்பதற்கு நம் சென்னையே சான்று. பல்லாண்டுக் காலம் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தது மாநகராட்சி. கொன்ற இடத்துக்கு வேறு நாய்கள் வந்தன. 1996-ல் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற முறைக்கு மாறியது. 2001-ல் நடுவண் அரசும் அதை நாட்டுக்கே விதியாக்கியது. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பது என்று 2021-ல் திட்டமும் தீட்டப்பட்டிருக்கிறது. திட்டம் தில்லியில் தீட்டப்படலாம். நாயைப் பிடித்துக்கொண்டு வரவேண்டியவர்கள் நம் தெருவில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே இளந்தோழர்களே, மேடையில் மூடநம்பிக்கையைச் சாடுவதோடு நின்றுவிடவேண்டாம். உங்கள் தெருவில் எத்தனை நாய்கள் என்று எண்ணுங்கள். பிள்ளைகளிடம் கேட்டால் பெயரோடு சொல்வார்கள். எதற்கு ஊசி போட்டாயிற்று, எதற்குப் போடவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளை உலகம் வெறிநோய் நாளாகக் கொள்கிறது. அதற்கு முன்னதாகவே கால்நடை மருந்தகத்தில் கேட்டு, உங்கள் ஊரில் ஒரு முகாம் நடத்துங்கள். மூன்று திங்கள் நிரம்பிய குட்டி முதல் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். பள்ளிக் குழாயடியில் ஒரு சோப்புக்கட்டி எப்போதும் இருக்கட்டும். நாய் நக்கினாலும் பிராண்டினாலும் வீட்டில் அடி விழும் என்று அஞ்சிப் பிள்ளைகள் மறைப்பார்கள். சொன்னால் அடி இல்லை, ஊசிதான், அதுவும் கையில்தான் என்று அவர்களுக்கு உறுதி கூறுங்கள்.

எங்கள் தறித்தெருவில் அந்தக் கணக்கெடுப்பை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். இதுவரை முப்பத்தொரு நாய்கள். ஊசி போட்டவை பதினெட்டு. எழுபது விழுக்காட்டை எட்ட இன்னும் நான்கு நாய்கள் வேண்டும்.